பல் இல்லாத தாடை முறிந்தால்...

வாசகர்களே, கட்டைவிரலை உங்கள் கீழ்த்தாடையின் அடிவிளிம்பிலும் ஆள்காட்டி விரலைப் பல்லின் ஈறிலும் வைத்துப் பாருங்கள். இரு விரல்களுக்கும் இடையே உள்ள எலும்பின் உயரம், வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 3 செ.மீ. இருக்கும். முறுக்கையும் கரும்பையும் கடித்து நொறுக்கும்போது உண்டாகும் விசையைத் தாங்குவது இந்த எலும்புதான்.

இனி, பற்கள் யாவும் விழுந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு பாட்டியாரை நினைத்துப் பாருங்கள். வாயை மூடினால் அவருடைய முகவாய் மூக்கை நோக்கி எழும்புகிறது, கன்னங்கள் குழிந்திருக்கின்றன. வெற்றிலை பாக்கைக்கூடச் சிறு உரலில் இடித்துத்தான் வாயில் போட்டுக் கொள்கிறார். அவருடைய தாடை எலும்பின் உயரம் சில இடங்களில் 1 செ.மீ. அளவுகூட இராது. பென்சில் பருமனுள்ள எலும்பு ஒன்றே அங்கு எஞ்சியிருக்கும்.

அந்தப் பாட்டியார் வாசற்படியில் தடுக்கி முகம் குப்புற விழுந்து தாடை முறிந்துவிட்டால் என்ன செய்வது? உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துக் கட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க மருத்துவ உலகம் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வரலாறு, எலும்பு என்பது என்ன என்பதையே நமக்குக் கற்றுத் தருகிறது.

பற்களே கைப்பிடி

முறிந்த எலும்பு கூடுவதற்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, துண்டுகள் நேராகப் பொருந்தி அசையாமல் இருக்க வேண்டும். மற்றொன்று, அவ்விடத்துக்கு நல்ல இரத்த ஓட்டம் வேண்டும். கை முறிந்தால் சிம்பு வைத்துக் கட்டி அசைவை நிறுத்தலாம். ஆனால் தாடையோ பேசும்போதும் உண்ணும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அசைந்து கொண்டே இருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது?

பழைய எகிப்தியருக்கு இது கைவரவில்லை. எட்வின் ஸ்மித் என்பவர் 1862இல் லக்சார் நகரில் வாங்கிய ஒரு பாப்பிரசுச் சுருள், ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அறுவை மருத்துவ நூலாகும். தாடை மூட்டு நழுவினால் கட்டைவிரல்களை வாய்க்குள் வைத்து அதை மீண்டும் இடத்தில் அமர்த்தும் முறையை அந்நூல் தெளிவாகச் சொல்கிறது. காயத்தோடு கூடிய தாடை முறிவைப் பற்றிக் கூறும்போதோ, அது மருத்துவம் செய்வதற்கில்லை என்று கைவிட்டு விடுகிறது. நம் நாட்டுச் சுசுருத சங்கிதையும் நழுவிய தாடை மூட்டுக்கு ஒத்தடம் கொடுத்து, எலும்பை இடத்தில் அமர்த்தி, 'பஞ்சாங்கி' என்னும் கட்டுப் போடுமாறு கூறுகிறது.

தாடை முறிவுக்கு வழி கண்டவர் கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசு. முறிவின் இருபுறமும் உள்ள பற்களைத் தங்கக் கம்பியால், அது கிடைக்காவிடில் நூலால், ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும்படி அவர் பெயரால் வழங்கும் நூல் சொல்கிறது. எவ்வளவு எளிய, எவ்வளவு நுட்பமான வழி! பல் எலும்பில் வேரூன்றி இருக்கிறது. பல்லைப் பிடித்தால் எலும்பையே பிடித்ததாகிவிடும். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த சாலிசெட்டோ வில்லியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, கீழ்ப்பற்களை மேற்பற்களோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அசையாத மேல்தாடையே கீழ்த்தாடைக்குச் சிம்பாக அமைந்தது! ஆனால் இந்த முறை வழக்கொழிந்து போயிற்று. 1887இல் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமசு கில்மர் இதற்கு மறுவாழ்வு கொடுத்தார். அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தாடை முறிவு மருத்துவத்தின் அடித்தளமாக இருந்தது இதுவே.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பல் இருக்க வேண்டும். பல் இல்லாதவருக்கு இப்போக்கிரட்டீசின் தங்கக் கம்பியால் என்ன பயன்?

பல் போனால் எலும்பும் போகும்

'பல் போனால் சொல் போகும்' என்பார்கள். பல் போனால் எலும்பும் போகும் என்பதை அறிவியல் பின்னரே கண்டது. 1892இல் செருமன் அறுவை மருத்துவர் சூலியசு உல்ஃப் ஓர் உண்மையை விளக்கினார். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக் கொள்கிறது. சுமை விழும் இடத்தில் தடிக்கிறது. விழாத இடத்தில் கரைகிறது. பல்லைத் தாங்குவதற்காகவே அமைந்த எலும்பு, பல் போனபின் வேலையில்லாமல் கரையத் தொடங்குகிறது.

அந்தே தால்கிரென் என்ற பல் மருத்துவ ஆய்வாளர், முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டு காலம் தொடர்ந்து ஆராய்ந்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார். கீழ்த்தாடையின் முன்பகுதி, மேல்தாடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைவதை அவர் கண்டார். இதனுடன் முதுமையில் உடலெங்கும் எலும்பை மெலியச் செய்யும் எலும்புப்புரை நோயும் சேர்ந்துகொண்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

உயரம் குறைந்தால் வலிமை எவ்வளவு குறையும்? பள்ளி மாணவர்கள் இதை ஓர் அடிக்கோலைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். அடிக்கோலைப் படுக்கையாகப் பிடித்து வளைத்தால் எளிதில் வளைகிறது. விளிம்பு மேலே இருக்குமாறு நிறுத்திப் பிடித்தால் வளைய மறுக்கிறது. வீட்டு உத்திரத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பதும் இதனால்தான். அகலம் மாறாமல் உயரம் மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், உத்திரத்தின் தாங்கும் வலிமை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். வளையாமல் நிற்கும் விறைப்போ இருபத்தேழில் ஒரு பங்காகிவிடும். 3 செ.மீ. உயரமுள்ள தாடை 1 செ.மீ. ஆவதன் பொருள் இப்போது புரிகிறதல்லவா?

இத்தகைய தாடை பெரும்பாலும் இருபுறமும் முறிகிறது. அப்போது முகவாய்ப் பகுதி தனியே பிரிந்து, கழுத்துத் தசைகளின் இழுப்பால் வாளியின் கைப்பிடி சாய்வதுபோல் கீழும் பின்னும் சாய்ந்துவிடும். நாக்கும் அதனோடு பின்வாங்கி மூச்சு வழியை அடைக்கக்கூடும். எனவே இது உண்ண முடியாத துன்பம் மட்டுமன்று. சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து.

கன்னிங்கின் ரப்பர் சிம்பு

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் வாசிங்டன் நகரில் குதிரைகள் மிரண்டு ஓட, ஒரு வண்டியிலிருந்து முதியவர் ஒருவர் கீழே விழுந்தார். அவருடைய வலக்கை முறிந்தது. தாடை இருபுறமும் முறிந்தது. அவர்தான் ஆபிரகாம் லிங்கனின் அயல்துறை அமைச்சர் வில்லியம் சீவர்டு. ஒன்பது நாள் சென்றபின், லிங்கன் சுடப்பட்ட அதே இரவில், படுக்கையில் கிடந்த சீவர்டையும் ஒருவன் கத்தியால் முகத்தில் குத்தினான். அவர் பிழைத்தது அரிது.

அவருடைய தாடையைச் சீராக்க அழைக்கப்பட்டவர் நியூயார்க் பல் மருத்துவர் தாமசு கன்னிங். அக்காலத்தில் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர், பல்செட் செய்யப் புதிதாகப் பயன்படத் தொடங்கியிருந்தது. கன்னிங் அதே பொருளைக் கொண்டு வாயின் அச்சுக்கு ஏற்ற சிம்பு செய்தார். மேல் ஈறையும் கீழ் ஈறையும் கவ்விப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக இணைக்கும் அமைப்பு அது. முன்புறத்தில் உணவு புகட்ட ஒரு துளை இருக்கும். சீவர்டு நலம் பெற்றுப் பதவியில் தொடர்ந்தார். 1867இல் அலாசுகாவை இரசியாவிடமிருந்து அமெரிக்காவுக்கு விலைக்கு வாங்கியவர் அவரே.

பல்லைப் பிடிக்காமல் ஈறைப் பிடிக்கலாம் என்பதே கன்னிங் காட்டிய வழி. பல் இல்லாதவர்களுக்கு இது பெரிய வரமாயிற்று. நோயாளியின் பழைய பல்செட்டையே சிம்பாக்கி, எலும்பைச் சுற்றிக் கம்பியிட்டு அதனோடு இறுக்கிக் கட்டும் வழக்கமும் வந்தது. 'கன்னிங் சிம்பு' என்ற பெயர் மருத்துவ நூல்களில் இன்றும் இருக்கிறது.

ஆனால் குறைகள் பல. ஈறு மெத்தென்று இருப்பது. அதன் மேல் வைத்த சிம்பு சிறிது ஆடத்தான் செய்யும். அந்தச் சிறு அசைவே மெலிந்த எலும்பு கூடாமற்போகப் போதுமானது. கம்பி இறுகினால் ஈறு புண்ணாகும். வாரக் கணக்கில் வாயைத் திறக்க முடியாமல் நீருணவையே உட்கொள்ளும் முதியவர் மேலும் மெலிந்து போவார். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துக் கொள்ளும் அபாயமும் உண்டு.

திறப்பதா, மூடியே வைப்பதா?

எலும்பைத் திறந்து நேரே பிணைத்துவிட்டால் என்ன? 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் எலும்பில் துளையிட்டுக் கம்பியால் தைத்துப் பார்த்தனர். சீழ் பிடிப்பது பெருந்தடையாக இருந்தது. இலிசுட்டரின் கிருமி ஒழிப்பு முறை (1867), இராண்ட்கனின் எக்சு கதிர் (1895), பெனிசிலின் (1940கள்) ஆகிய மூன்றும் வந்தபின் தாடையைத் திறப்பது அச்சமில்லாத செயலாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேறொரு வழியும் பரவியது. தோலுக்கு வெளியிலிருந்து எலும்புக்குள் முளைகளைச் செலுத்தி, அம்முளைகளை முகத்துக்கு வெளியே ஒரு சட்டத்தால் இணைத்தனர்.

இப்படித் திறந்து பிணைக்கும் துணிவு வளர்ந்து வந்தபோது ஓர் எச்சரிக்கை எழுந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஜே. சி. பிராட்லி, வயது ஏற ஏறத் தாடைக்கு இரத்தம் வரும் வழி எப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்து 1972இல் எழுதினார். இளமையில் எலும்பின் உள்ளே ஓடும் தமனி ஒன்றே தாடைக்கு முதன்மையான இரத்த வழி. முதுமையில் அந்தத் தமனி சுருங்கி, சிலருக்கு அடைபட்டும் போகிறது. அப்போது எலும்பைப் போர்த்தியிருக்கும் எலும்புறையிலிருந்து கசிந்து வரும் இரத்தமே தாடையை வாழ வைக்கிறது.

இங்கேதான் சிக்கல். தகடு வைத்துத் திருக வேண்டுமானால் எலும்புறையைப் பிரித்து ஒதுக்க வேண்டும். பிரித்தால் இரத்தம் குறையும். பிரிக்காமல் விட்டால் அசைவு நிற்காது. எலும்பு கூட இரண்டு தேவைகள் என்று மேலே சொன்னோம் அல்லவா? உறுதியான தாடையில் அவ்விரண்டும் நண்பர்கள். மெலிந்த தாடையில் அவை பகைவர்கள். ஒன்றைத் தேடிப் போனால் மற்றொன்று கைவிட்டுப் போகிறது. இதனால் எலும்புறையைத் தொடாமல் மூடிய முறையிலேயே மருத்துவம் செய்ய வேண்டும் என்று ஒரு சாராரும், அசைவை நிறுத்தாமல் எலும்பு எப்படிக் கூடும் என்று மற்றொரு சாராரும் நீண்ட காலம் வாதிட்டு வந்தனர்.

தகடுகள் கற்பித்த பாடம்

செருமனியைச் சேர்ந்த ஆன்சு லூர் 1968இல் தாடைத் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கும் உலோகத் தகட்டைப் பற்றி எழுதினார். 1970களில் பிரான்சு நாட்டு மிசெலேயும் சாம்பியும் மற்றொரு வழியைக் காட்டினர். 1 மி.மீ. தடிப்பே உள்ள சிறு தகடுகளைச் சரியான இடத்தில் வைத்தால் போதும். வாயின் உட்புறம் வழியாகவே பொருத்திவிடலாம். முகத்தில் வடு இராது. வாயைக் கட்டிவைக்கவும் வேண்டாம். இச்சிறு தகடுகள் உலகெங்கும் பரவின.

பல்லில்லாத மெலிந்த தாடைக்கும் இதையே வைத்தால் என்ன என்று பலர் எண்ணினர். எலும்பு சிறியது, தகடும் சிறியதாக இருப்பதுதானே பொருத்தம்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம் பிழையாக முடிந்தது. திருகாணிகள் தளர்ந்தன, தகடுகள் வளைந்தன, ஒடிந்தன, எலும்பு கூடவில்லை.

காரணம் என்ன? சிறு தகடு தனியே சுமை தாங்குவதில்லை. அது துண்டுகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்ள, சுமையின் பெரும்பங்கை உறுதியான எலும்பே தாங்குகிறது. மெலிந்த தாடையிலோ பங்கு போட எலும்பே இல்லை. முழுச் சுமையும் தகட்டின் மேலேயே விழுகிறது. ஆகவே எலும்பு எவ்வளவு நலிந்ததோ அவ்வளவு வலிய தகடு வேண்டும்! பொரிந்து போன மண்சுவரில் விரிசலை ஒட்டியே ஆணி அடித்தால் சுவர்தான் உதிரும். விரிசலைத் தாண்டி, உறுதியாக உள்ள இடங்கள்வரை நீண்ட சட்டம் கொடுத்தால்தான் சுவர் நிற்கும். அதேபோல், முகவாய்ப் பகுதியிலும் தாடையின் பின்கோணத்திலும் எஞ்சியிருக்கும் தடித்த எலும்பில் திருகாணிகளைச் செலுத்தி, நீண்ட தடித்த தகட்டால் நலிந்த பகுதியைப் பாலம்போல் கடப்பதே சரியான வழி என்பது தெளிவாயிற்று.

லூரும் அவருடைய குழுவினரும் 1996இல் 84 முறிவுகளின் அனுபவத்தை வெளியிட்டனர். முறிவிடத்தில் எலும்பின் உயரத்தைக் கொண்டு தாடைகளை மூன்று வகையாகப் பிரித்தனர்: 16 முதல் 20 மி.மீ. வரை ஒன்று, 11 முதல் 15 மி.மீ. வரை இரண்டு; 10 மி.மீ. அல்லது அதற்கும் குறைவானது மூன்று. உறுதியான தகட்டால் பெரும்பாலான முறிவுகள் நன்கு கூடின. தொல்லைகள் மிகுவது மூன்றாம் வகையில்தான். அத்தகைய தாடைக்கு இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பு எடுத்து முறிவிடத்தில் வைத்து உதவும் வழக்கமும் ஏற்பட்டது.

அப்படியானால் பிராட்லியின் எச்சரிக்கை என்னவாயிற்று? அது வீண்போகவில்லை. அறுவை மருத்துவர்கள் எலும்புறையைத் தேவையான அளவே பிரிக்கக் கற்றனர். திருகாணியின் தலை தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் புதுவகைத் தகடுகளும் வந்தன. இவை எலும்பின்மேல் அழுந்தி ஒட்ட வேண்டியதில்லை. எனவே அடியில் உள்ள எலும்புறை நசுங்காமல் இரத்த ஓட்டம் காக்கப்படுகிறது. பகைவர்களாக இருந்த இரு தேவைகளும் ஓரளவு இணங்கி வந்தன.

கல்லைப் போன்ற எலும்பும் முறியும்

மெலிந்த எலும்பு முறிவது இயல்பு. கல்போல் கெட்டியான எலும்பும் எளிதில் முறியும் என்றால் நம்புவீர்களா? 1904இல் ஆம்பர்க் நகரத்து எக்சு கதிர் மருத்துவர் ஆல்பர்சு-சோன்பர்க், எலும்புகள் படத்தில் வெண்சுண்ணக் கட்டிபோல் அடர்ந்து தெரிந்த ஒரு நோயை விவரித்தார். இதற்குச் சலவைக்கல் எலும்பு நோய் என்று பெயர். நம் எலும்பில் பழையதை அரித்து நீக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. இந்நோயில் அரிக்கும் செல்கள் செயலற்றுப் போகின்றன. பழைய எலும்பு நீங்காமல் குவிகிறது. இரத்தம் ஓடும் இடம் குறுகுகிறது. எலும்பு கனமாக இருந்தும் சுண்ணாம்புக் கட்டிபோல் நொறுங்குகிறது. இவர்களுக்குப் பல் பிடுங்கினாலே தாடை சீழ்பிடித்து ஆறாமல் போகலாம்.

தாடை எலும்பு செத்துப்போகும் கொடுமையை உலகம் அதற்கு முன்பே பார்த்திருந்தது. வெண்பாசுபரத்தால் தீக்குச்சி செய்த தொழிலாளர்களின் தாடை அழுகிப் போவதை வியன்னா மருத்துவர் இலோரின்சர் 1845இல் வெளிப்படுத்தினார். 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண்பாசுபரத் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவிலும் 1913இல் தடைச்சட்டம் வந்தது. அத்துடன் அந்த நோய் மறைந்தது என்றே எல்லாரும் எண்ணினர்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2003இல், அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் இராபர்ட்டு மார்க்சு 36 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய தாடை எலும்பு ஈறுக்கு வெளியே தெரியும்படி செத்துப் போயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காகப் பிசுபாசுபனேட் என்ற வகை மருந்தை ஊசிமூலம் பெற்றவர்கள். எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி எலும்பைக் காக்கும் மருந்து இது. எலும்புப்புரை நோய்க்கும் இதையே குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் காக்கும் அம்மருந்தே, அளவு மிகும்போது தாடையைத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாததாக்கி விடுகிறது. இவ்வாறு செத்த எலும்பு முறிந்தால், அந்த இடத்தை நீக்கிவிட்டு நீண்ட தகட்டால் பாலம் அமைக்க வேண்டியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். எலும்புப்புரைக்காக இம்மருந்தை உட்கொள்பவர்களுக்கு இந்தத் தொல்லை மிக அரிதாகவே வருகிறது. மருந்தால் விளையும் நன்மையோ பெரிது. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் மருந்து தொடங்குமுன் கெட்ட பற்களைச் சீர்செய்து கொள்வதும், பல் பிடுங்கப் போகும்போது இம்மருந்து உட்கொள்வதைப் பல் மருத்துவரிடம் சொல்வதும் கட்டாயம்.

நாம் அறிய வேண்டியது

நாம் தொடக்கத்தில் சொன்ன பாட்டியாரிடம் திரும்புவோம். இன்று அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், முதலில் மூச்சு வழி தடையின்றி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கணினிப் படத்தில் எலும்பின் உயரத்தை அளப்பார்கள். துண்டுகள் விலகவில்லையென்றால் கூழும் கஞ்சியும் கொடுத்துப் பொறுத்திருந்து பார்ப்பதும் உண்டு. மயக்க மருந்தைத் தாங்க இயலாத உடல்நிலையானால் கன்னிங்கின் பழைய வழியையே நாடுவதும் உண்டு. விலகியிருந்து உடலும் தாங்குமானால் டைட்டானியத் தகட்டால் பிணைப்பார்கள். சில நாட்களிலேயே அவர் வாயைத் திறந்து மென்மையான உணவை உண்ணலாம். முதியவருக்கு இது சிறிய செய்தியன்று. உணவு நின்றால் அவர்கள் விரைவில் ஒடுங்கிப் போவார்கள் என்பதை வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் நன்கு அறிவார்கள்.

இந்த வரலாற்றில் நாம் கண்ட தவறுகள் யாவும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. எலும்பை உயிரற்ற கட்டை என்று எண்ணி ஆணி அடித்தவர்களும் தோற்றனர். அது உயிருள்ளது என்று அஞ்சி, அதன் பாரத்தைக் கணக்கிடாமல் விட்டவர்களும் தோற்றனர். எலும்பு உத்திரமாகவும் இருக்கிறது. உயிருள்ள திசுவாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர மதித்தபோதே வெற்றி கிட்டியது.

உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் விழுந்து முகவாயில் அடிபட்டு, வாய் திறக்க வலிக்கிறது, கீழுதடு மரத்துப் போயிருக்கிறது என்று சொன்னால், வீக்கம் தானே வடியும் என்று பற்றுப் போட்டுக் காத்திராதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல்: உங்கள் தாடையைக் காக்கும் முதல் மருத்துவர் நீங்களே. இன்று இரவு உறங்கப் போகுமுன் பல் துலக்கும்போது, நீங்கள் காப்பது பல்லை மட்டுமன்று, அதன் கீழுள்ள எலும்பையும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.